மேல்வயிற்று அடைப்புக்குச் சீனக் கஷாயம், பதினோராவது வாரத்தில் பொட்டாசியம் 2.1: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளியையும் சிகிச்சை நடந்த இடங்களையும் அடையாளம் காட்டும் விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

பின்னணி

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடொன்றில் மகளோடு வசிக்கும் சீன மூதாட்டி. வயது 67, எடை 46 கிலோ. இரத்த அழுத்தத்துக்கு ஏழு ஆண்டுகளாக அம்லோடிபின் 5 மி.கி. எடுத்துவந்தார். அழுத்தம் 130/80-ஐ ஒட்டியே இருந்தது. சர்க்கரை நோய் இல்லை, சிறுநீரகத்தில் குறை இல்லை.

ஆறு மாதமாக ஒரே தொல்லை. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் மேல்வயிறு கனத்து அடைத்துக்கொள்ளும், ஏப்பம் வரும், குடல் இரையும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மலம் இளகிப் போகும். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் லேசான அழற்சி மட்டுமே தெரிந்தது. ஹெலிகோபாக்டர் கிருமி இல்லை. எட்டு வாரம் ஒமெப்ரசோல் எடுத்தும் பெரிய மாற்றமில்லை. உறுப்பில் கோளாறு இல்லை, இயக்கத்தில்தான் கோளாறு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்த இடத்தில் பலரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்: பதிவுபெற்ற சின்சே (சீன மருத்துவர்) ஒருவரிடம் போனார்.

முதல் சீட்டு

சின்சே வயிற்றை அழுத்திப் பார்த்தார். மென்மையாக இருந்தது, வலி இல்லை, கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. நாக்கில் மஞ்சள் நிறத்தில் பிசுபிசுப்பான படிவு. அடைப்பு உண்டு, ஆனால் அழுத்தினால் ஒன்றும் அகப்படாது. இந்த நிலையைச் சீன மருத்துவம் ‘பி’ என்கிறது. வயிற்றின் மேல்பாதியில் சூடும் கீழ்பாதியில் குளிரும் கலந்து நின்று, ஏற வேண்டியது ஏறாமலும் இறங்க வேண்டியது இறங்காமலும் இருப்பதாக அதற்கு விளக்கம். கி.பி. 200-ஐ ஒட்டி ஜாங் ஜோங்ஜிங் எழுதிய ஷாங்ஹான் லுன் நூலில் இதற்கென்றே உள்ள கலவை பான்ஷியா ஷியேஷின் டாங். சின்சே எழுதிக் கொடுத்ததும் அதுதான். ஒரு நாள் அளவு:

- இஞ்சியில் பதப்படுத்திய பான்ஷியா கிழங்கு 10 கிராம்
- ஹுவாங்சின் வேர் 9 கிராம்
- சுக்கு 6 கிராம்
- டாங்ஷென் வேர் 12 கிராம்
- ஹுவாங்லியன் 3 கிராம்
- சீன இலந்தை 4 பழம்
- தேனில் வறுத்த கான்ட்ஸாவ் 9 கிராம்

கசப்பான ஹுவாங்லியனும் ஹுவாங்சினும் சூட்டை இறக்கும், சுக்கும் பான்ஷியாவும் அடைப்பைக் கலைக்கும், மற்ற மூன்றும் வயிற்றைத் தாங்கிப்பிடிக்கும் என்பது கலவையின் கணக்கு. பான்ஷியாவைப் பச்சையாகப் போட்டால் அதிலுள்ள ஊசிபோன்ற கால்சியம் ஆக்ஸலேட் துகள்கள் தொண்டையைக் குத்தி வீங்கவைக்கும். கடையில் இஞ்சியும் படிகாரமும் சேர்த்துப் பதப்படுத்தியே விற்கிறார்கள்.

காய்ச்சும் முறையும் சரியாகவே சொல்லப்பட்டது. மண்சட்டியில் சரக்குக்கு மேல் இரண்டு விரல் உயரம் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து இன்னோர் அரை மணி நேரம். வடித்தபின் சக்கையை மறுபடி ஒருமுறை காய்ச்சி, இரண்டு வடிநீரையும் ஒன்றாக்கிக் காலை, மாலை சாப்பாட்டுக்குப் பின் வெதுவெதுப்பாகக் குடிக்க வேண்டும். மூல நூலில் இன்னொரு படி உண்டு. சக்கையை எடுத்துவிட்டு வடிநீரை மட்டும் பாதியாக வற்றவைப்பது. அதை இப்போது பெரும்பாலானோர் செய்வதில்லை.

கான்ட்ஸாவ் என்பது அதிமதுர இனத்து வேர். நம் நாட்டு மருந்துக்கடை அதிமதுரம் கிளிசிரைசா கிளாப்ரா. சீனர்கள் மிகுதியாகப் பயன்படுத்துவது கிளிசிரைசா யுராலென்சிஸ். சீன மருந்தியல் நூல் இரண்டையுமே கான்ட்ஸாவ் என்று ஏற்கிறது. கிளிசிரைசின் என்ற இனிப்புப் பொருள் இரண்டிலும் உண்டு. அந்நூல் தரும் நாளளவு 2 முதல் 10 கிராம் என்பதால், 9 கிராம் வரம்புக்குள்தான் இருந்தது. சீட்டில் ஏழு நாள் என்று எழுதி, பலன் இருந்தால் இன்னோர் ஏழு நாள் குடித்துவிட்டுத் திரும்பி வரும்படி சின்சே வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். அந்தப் பதினான்கு நாள் கணக்கு சீட்டில் ஏறவில்லை.

பலன் கிடைத்ததே பொறியானது

பத்தாம் நாளுக்குள் அடைப்பு பாதியாகக் குறைந்தது, மலமும் கட்டியானது. நன்றாக இருக்கும்போது எதற்குத் திரும்பப் போய்க் காசு கொடுக்க வேண்டும் என்று, அதே சீட்டைச் சீன மருந்துக்கடையில் நீட்டி வாரம் ஏழு பொட்டலமாக வாங்கத் தொடங்கினார். கடையிலும் யாரும் தேதியைப் பார்க்கவில்லை.

ஐந்தாம் வாரம் கணுக்கால் வீங்கியது. பலதுறை மருந்தகத்தில் (அரசின் பொது மருத்துவ நிலையம்) அழுத்தம் 162/94. அம்லோடிபின் எடுப்பவருக்குக் கணுக்கால் வீங்குவது மிகச் சாதாரணம் என்பதால் வீக்கத்துக்கு அங்கேயே காரணம் கிடைத்துவிட்டது. அழுத்தம் ஏறியதற்கு வயதும் உப்பும் காரணமாயின. தையசைடு வகை நீர் பிரிக்கும் மாத்திரையான ஹைட்ரோகுளோரோதையசைடு 12.5 மி.கி. சேர்க்கப்பட்டது. உப்புகளுக்கான இரத்தப் பரிசோதனை மூன்று மாதத்துக்குப் பிறகு வரவிருந்த வழக்கமான சந்திப்புக்குத் தள்ளிப்போனது.

ஏழாம் வாரம், நள்ளிரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கத் தொடங்கியது. மருந்துக்கடையில் சொன்னார். தசைப்பிடிப்புக்குச் சீன மருத்துவத்தில் முதலில் நினைவுக்கு வரும் கலவையான ஷாவ்யாவ் கான்ட்ஸாவ் டாங், குருணைப் பொட்டலமாகக் கொடுக்கப்பட்டது. அதில் இரண்டே சரக்கு: பியோனி வேரும் கான்ட்ஸாவும். உறையில் இருந்த கணக்கின்படி நாளொன்றுக்கு மூன்று பொட்டலம், அதாவது 6 கிராம் கான்ட்ஸாவ். பொட்டாசியம் குறைந்து வந்த பிடிப்புக்கு, பொட்டாசியத்தைக் குறைக்கும் பொருளையே மருந்தாகக் கொடுத்தாகிவிட்டது. பிடிப்பு இரண்டு நாள் தணிந்தது, பிறகு முன்னைவிட மோசமானது.

ஒன்பதாம் வாரம் மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும். பொட்டாசியம் குறைந்தால் குடல் தசையும் சோர்ந்து போகும். அது யாருக்கும் தோன்றவில்லை. ஃபான்ஷியேயே தேநீர்ப் பை வாங்கி இரவில் ஒன்று, சில நாள் இரண்டு குடித்தார். ஃபான்ஷியேயே என்றால் ‘வெளிநாட்டுப் பேதி இலை’ என்று பொருள். நம் ஊரில் நிலாவாரை என்பதும், திருநெல்வேலிப் பெயரோடு உலகச் சந்தைக்குப் போவதும் இதே இலைதான். பேதியோடு இன்னும் கொஞ்சம் பொட்டாசியம் போயிற்று.

பதினோராம் வாரக் கடைசியில் ஒருநாள் காலை கழிப்பறையிலிருந்து எழ முடியவில்லை. தொடையில் வலுவே இல்லை, நெஞ்சு படபடத்தது. மகள் ஆம்புலன்ஸை அழைத்தார்.

அவசரப் பிரிவில் தெரிந்தவை

அழுத்தம் 184/98. நாடி இடையிடையே தவறியது. இடுப்பு, தோள் தசைகளில் வலு குறைந்திருந்தது. உணர்வும் பேச்சும் சரி. இ.சி.ஜி-யில் டி அலை தட்டையாகி, அதன்பின் யு அலை எழுந்திருந்தது. இதயத்தின் கீழறையிலிருந்து அடிக்கடி அதிகப்படித் துடிப்புகள்.

இரத்தத்தில் பொட்டாசியம் 2.1 மி.மோல்/லிட்டர் (இயல்பு 3.5 முதல் 5.0). சோடியம் 146, இரத்தத்தின் காரத்தன்மையைக் காட்டும் பைகார்பனேட் 36 (மிகுதி), மக்னீசியம் 0.66 (குறைவு). தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. 2,900. கிரியேட்டினின் இயல்பு. தைராய்டு இயல்பு. கிழக்காசிய மக்களிடம் திடீர்த் தசைவலுவின்மை என்றால் தைராய்டைப் பார்க்காமல் விடக் கூடாது. தைராய்டு மிகுந்து தசை வலுவிழக்கும் அந்த நோய் பெரும்பாலும் இளவயது ஆண்களுக்கு வருவது என்றாலும்.

முதல் கேள்வி, பொட்டாசியம் எந்த வழியாகப் போகிறது. பேதி மட்டும்தான் காரணம் என்றால் சிறுநீரகம் பொட்டாசியத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இவரது சிறுநீரில் லிட்டருக்கு 38 மி.மோல் போய்க்கொண்டிருந்தது. ஆக ஒழுக்கு சிறுநீரகத்தில். தையசைடு அதைச் செய்யும்தான், ஆனால் 12.5 மி.கி. மாத்திரை தனியாக 2.1 வரை இறக்குவது அரிது. தையசைடு அழுத்தத்தை இறக்க வேண்டும், இங்கோ ஏறியிருந்தது. உயர் அழுத்தம், குறைந்த பொட்டாசியம், காரத்தன்மை மிகுந்த இரத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்தால், சோடியத்தைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றும் அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் மிகுந்திருக்கிறது, அல்லது அதன் வேலையை வேறொன்று செய்கிறது என்று பொருள். அந்த ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் தருவதற்கு முன்பே, அதைத் தூண்டும் ரெனின், அல்டோஸ்டிரோன், அட்ரினலின் இன்னொரு ஹார்மோனான கார்ட்டிசோல் மூன்றுக்கும் இரத்தம் எடுத்து வைக்கப்பட்டது. மாத்திரை உள்ளே போய்விட்டால் அந்தக் கணக்கைப் பல வாரத்துக்கு நம்ப முடியாது. அன்று எடுத்த நல்ல முடிவுகளில் இது ஒன்று.

பையிலிருந்து வந்தவை

‘வேறு மருந்து எதுவும் சாப்பிடுகிறீர்களா?’ என்று அவசரப் பிரிவில் இரண்டு முறை கேட்கப்பட்டது. இரண்டு முறையும் மருத்துவமனை மாத்திரைகள் மட்டும்தான் என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்குக் கஷாயம் வயிற்றுக்கானது, இலை தேநீர், குருணை காலுக்கானது. ‘மருந்து’ என்ற சொல்லுக்குள் அவை வரவே இல்லை.

இரண்டாம் நாள் வார்டு மருந்தாளர் மகளிடம் வேறு மாதிரி சொன்னார்: அம்மா விழித்ததிலிருந்து தூங்கும்வரை குடிப்பது, சப்புவது, மெல்லுவது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள், சீட்டு இருந்தால் அதையும். மாலையில் பை வந்தது. கஷாயப் பொட்டலம் மூன்று, குருணை உறைகள், தேநீர்ப் பைகள், கஷாயக் கசப்பு போக வாயில் போட்டுக்கொள்ளும் உலர்ந்த பிளம் ஒரு டப்பா. பிளத்தின் மேல் பூசியிருந்ததும் கான்ட்ஸாவ் பொடி.

சீன மூலிகை என்றதும் பேச்சு முதலில் ஹுவாங்லியன் பக்கம் போனது. அதிலுள்ள பெர்பரினால் ஜி6பிடி என்ற சிவப்பணு நொதியில் பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை வரும் என்ற அச்சத்தில் சிங்கப்பூர் 1978-இல் தடை போட்டது. மூலிகைகளுக்கு அந்தத் தடை 2016-இல்தான் முழுதாக நீங்கியது. நெடுநாள் தடையில் இருந்த சரக்கு என்பதால் அதன்மேல் சந்தேகம் விழுவது இயல்பு. ஆனால் இவருக்கு மஞ்சள் காமாலை இல்லை, ஹீமோகுளோபின் குறையவில்லை. பெர்பரின் பொட்டாசியத்தை இப்படி இறக்குவதுமில்லை. ஸ்டீராய்டு கலப்படமோ என்ற ஐயத்தைக் கார்ட்டிசோல் இயல்பாக இருந்தது ஓரளவு தீர்த்தது. கடைசியில் மாட்டியது பட்டியலில் யாருமே கவனிக்காத இனிப்பு வேர்.

கணக்கு இப்படி. தேனில் வறுத்த கான்ட்ஸாவில் குறைந்தது 1 விழுக்காடும், வறுக்காததில் 2 விழுக்காடும் கிளிசிரைசிக் அமிலம் இருக்க வேண்டும் என்பது சீன மருந்தியல் நூலின் தர அளவு. கஷாயத்தின் 9 கிராமில் 90 மி.கி., குருணையின் 6 கிராமில் 120 மி.கி. ஆக நாளுக்குச் சுமார் 210 மி.கி. பிளம் கணக்கில் சேரவில்லை. காய்ச்சும்போது முழுதும் இறங்காது என்பது ஒரு பக்கம், நல்ல சரக்கில் தர அளவைவிட மிகுந்தே இருக்கும் என்பது மறுபக்கம். தொடர்ந்து உட்கொள்வோருக்கு நாளுக்கு 100 மி.கி-க்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பிய உணவு அறிவியல் குழு 2003-இல் சொன்ன வரம்போடு ஒப்பிட்டால், கஷாயம் மட்டுமே அதன் விளிம்பில் நின்றது. குருணை சேர்ந்தபின் இரு மடங்கு.

உள்ளே நடப்பது இது. குடல் பாக்டீரியாக்கள் கிளிசிரைசினைக் கிளிசிரெட்டினிக் அமிலமாக்குகின்றன. சிறுநீரகத்தில் கார்ட்டிசோலைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதியை அது தடுத்துவிடும். அந்த நொதி இல்லாவிட்டால், அல்டோஸ்டிரோனுக்கு உரிய ஏற்பியில் கார்ட்டிசோல் போய் உட்கார்ந்துகொள்ளும். சோடியம் தங்கும், பொட்டாசியம் வெளியேறும், அழுத்தம் ஏறும். ஆனால் இரத்தத்தில் அல்டோஸ்டிரோனைத் தேடினால் இருக்காது. ஐந்தாம் நாள் வந்த முடிவும் அப்படியே: ரெனின், அல்டோஸ்டிரோன் இரண்டும் அடங்கிக் கிடந்தன. அல்டோஸ்டிரோன் சுரக்கும் அட்ரினல் கட்டி இல்லை என்று அதோடு தெளிவானது. வயிற்றுக்குக் கொடுத்த அதிமதுரம் இப்படிச் செய்வது புதிய செய்தியும் அல்ல. 1940-களில் நெதர்லாந்தில் இரைப்பைப் புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்துப் பலன் கண்டவர்களே உடல் வீக்கத்தையும் அழுத்தத்தையும் பதிவுசெய்தார்கள்.

சிகிச்சையும் காரணங்களும்

கஷாயம், குருணை, இலைத் தேநீர், பிளம், தையசைடு எல்லாம் நிறுத்தப்பட்டன. இதயத் துடிப்பு இரவும் பகலும் திரையில். நரம்பு வழியாக 100 மி.லி. உப்புநீரில் 10 மி.மோல் பொட்டாசியம் குளோரைடு, ஒரு மணி நேரத்துக்கு ஒன்று என நான்கு முறை, கூடவே வாய்வழியாகவும். குளுக்கோஸ் நீரில் கலக்கவில்லை. குளுக்கோஸால் இன்சுலின் எழுந்து, இரத்தத்தில் மிஞ்சியிருக்கும் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளிவிடும். உப்புநீரை லிட்டர் கணக்கில் ஏற்றவும் இல்லை. இந்த நிலையில் சோடியம் கூடக்கூடப் பொட்டாசியம் ஒழுகும். மக்னீசியத்தையும் ஈடுசெய்தார்கள். அது குறைவாக இருக்கும்வரை எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் நிற்காது. மறுநாள் முதல் ஸ்பைரனோலாக்டோன் 50 மி.கி.

வயிற்று அடைப்புக்கு டொம்பெரிடோன் கேட்கப்பட்டது, மறுக்கப்பட்டது. இ.சி.ஜி-யில் கியூ-டி இடைவெளி (ஒவ்வொரு துடிப்புக்கும் பின் இதயம் மீள எடுக்கும் நேரம்) நீண்டிருக்கும்போது அது இதயத்துக்கு ஆபத்து. உப்புசம் பொட்டாசியம் ஏறியதும் தானாகவே தணிந்தது.

பன்னிரண்டு மணி நேரத்தில் பொட்டாசியம் 2.6. மூன்றாம் நாள் 3.3, கழிப்பறைக்குத் தானே நடந்து போனார். ஆறாம் நாள் 3.8, அழுத்தம் 148/86. வீடு திரும்பினார்.

வீடு திரும்பிய பின்

இரண்டாம் வாரப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.3. இந்த முறை மறுபக்கம். கான்ட்ஸாவின் பிடி தளர்ந்துவிட்டது, ஸ்பைரனோலாக்டோனும் பொட்டாசியம் மாத்திரையும் மட்டும் அப்படியே தொடர்ந்தன. சொந்த அல்டோஸ்டிரோன் இன்னும் எழாததும் சேர்ந்தது. பொட்டாசியம் மாத்திரை நிறுத்தப்பட்டது, ஸ்பைரனோலாக்டோன் 25 ஆகக் குறைந்து நான்காம் வாரத்தில் நின்றது. முதல் பரிசோதனையை ஒரு வாரத்திலேயே வைத்திருக்க வேண்டும். மூன்றாம் மாதம் ரெனினும் அல்டோஸ்டிரோனும் இயல்புக்கு வந்தன. அம்லோடிபின் 5 மி.கி-யோடு மட்டும் அழுத்தம் 132/78.

சின்சேவுக்கு மருத்துவமனையிலிருந்து எழுத்தில் தகவல் போனது. குற்றச்சாட்டாக இல்லாமல், எடைக்கணக்கோடு. அவர் ஏட்டைப் பார்த்து, தன் கணக்கில் அந்தக் கஷாயம் பதினான்காம் நாளோடு முடிந்துவிட்டதென்று உறுதிசெய்தார். கான்ட்ஸாவைச் சேர்க்கும்போது மரபு எச்சரிக்கும் நான்கு ஒவ்வாச் சரக்குகள் உண்டு. கான்சுயி, டாஜி, யுவான்ஹுவா, ஹாய்சாவ் என்ற கடற்பாசி. அவற்றில் எதுவும் இல்லை என்று அவர் பார்த்திருந்தார். வேறொரு பொட்டலத்தில் கான்ட்ஸாவே மறுபடி வரும் என்பதை அந்த விதி சொல்வதில்லை. கான்ட்ஸாவுக்குக் ‘குவோலாவ்’, அரசவையின் மூத்தவர், என்று பழைய பட்டப்பெயர் உண்டு. மற்ற சரக்குகளின் முரட்டுத்தனத்தை அடக்கி இணக்கமாக்குவதால் வந்த மரியாதை. அந்த மரியாதையால்தான் பெரும்பாலான கலவைகளில் அது கடைசி வரியில், எண்ணப்படாமல் இருக்கிறது.

நான்காம் மாதம் வயிற்று அடைப்பு லேசாகத் திரும்பியது. அவர் மறுபடி சின்சேவிடம் போக விரும்பினார். மருத்துவர்கள் தடுக்கவில்லை. தடுத்தால் சொல்லாமல் போவார். டாங்ஷென், பாய்ஜு, ஃபூலிங், சென்பி எனும் உலர்ந்த ஆரஞ்சு வகைத் தோல், ஷாரென் எனும் ஏலக்காய் இனத்து விதை ஆகியவற்றோடு கான்ட்ஸாவ் இல்லாத கஷாயம், ஏழு நாளுக்கு மட்டும், முடிவில் பொட்டாசியம் பரிசோதனை. 4.2. இரவுச் சாப்பாட்டைச் சிறிதாக்கி முன்கூட்டியே முடித்ததும் சேர்ந்து, தொல்லை வாரத்தில் ஒருநாள் அளவில் நின்றது.

மாற்றப்பட்டவையும் மாற வேண்டியவையும்

சின்சே இப்போது சீட்டின் தலைப்பிலேயே முடியும் தேதியை எழுதுகிறார், அதற்குப்பின் பொட்டலம் கட்ட வேண்டாம் என்று கடைக்கு ஒரு வரியும். 60 வயதைத் தாண்டியவர், எடை குறைந்தவர், அழுத்த மாத்திரையோ நீர் பிரிக்கும் மாத்திரையோ எடுப்பவர் என்றால் கான்ட்ஸாவை 3 கிராமுக்குள் நிறுத்துகிறார் அல்லது விட்டுவிடுகிறார். ஜப்பானில் நாளுக்கு 2.5 கிராமும் அதற்கு மேலும் கான்ட்ஸாவ் உள்ள மருந்துகளுக்குத் தனி எச்சரிக்கை உண்டு, அதை ஒட்டிய அளவு இது.

மருந்துக்கடைக்கு: கால் பிடிப்புக்குக் குருணை கேட்டு வருபவரிடம் இப்போது என்ன கஷாயம் குடிக்கிறீர்கள் என்று கேட்டு, இரண்டு சீட்டிலும் உள்ள கான்ட்ஸாவ் எடையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அரை நிமிட வேலை. இந்த நிகழ்வில் ஏழாம் வாரத்தில் அது நடந்திருந்தால் அவசரப் பிரிவுவரை போயிருக்காது.

பலதுறை மருந்தகத்துக்கு: அடங்கியிருந்த அழுத்தம் காரணமின்றி ஏறினால், மாத்திரை கூட்டுவதற்கு முன் உணவு, கஷாய விவரமும் பொட்டாசியமும் வேண்டும். தையசைடு தொடங்கினால் இரண்டு வாரத்தில் பொட்டாசியத்தைப் பார்க்க வேண்டும், மூன்று மாதம் கழித்து அல்ல. வீக்கத்துக்கு அம்லோடிபின் காரணம் என்ற முடிவு தவறான ஊகம் அல்ல. ஆனால் வீக்கத்தை அது விளக்கியது, அழுத்தத்தை விளக்கவில்லை. அங்கேதான் நின்று யோசித்திருக்க வேண்டும்.

வார்டில் கேள்வியின் வாசகம் மாறியிருக்கிறது. ‘என்ன மருந்து’ என்பதோடு ‘என்ன குடிக்கிறீர்கள், யார் காய்ச்சுகிறார்கள், எத்தனை வாரமாக’ என்றும் கேட்கிறார்கள். பையோடு வரச் சொல்வது சேர்க்கையன்றே நடக்கிறது.

நோயாளிக்கும் மகளுக்கும் சீன எழுத்தில் ஒரு சிறு அட்டை தரப்பட்டது. மேலே கான்ட்ஸாவின் எழுத்துகள், உறைகளில் பார்த்துத் தெரிந்துகொள்ள. கீழே நான்கு அறிகுறி: கால் பிடிப்பு, கணுக்கால் வீக்கம், எழ முடியாத சோர்வு, நெஞ்சுப் படபடப்பு. கஷாயம் குடிக்கும் நாளில் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைய பொட்டலத்தைக் காய்ச்சாமல் வைத்துவிட்டு, அதையும் கையில் எடுத்துக்கொண்டு இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். பிளம் டப்பாவின் பின்பக்கச் சிட்டையில் அந்த எழுத்துகளை முதலில் கண்டுபிடித்தவர் அந்த மூதாட்டியேதான்.